திரைக்குப் பின்னால் காத்திருந்த கேள்வி

அத்தியாயம் 11

மார்ச் 14, சனி. காலை 6.40. ஒரு திருத்தம். வியாழக்கிழமை இரவு, வகுப்பு முடிந்து வந்து, ‘சிஸ்டம் அப்கிரேடு முடிந்தது, எல்லாம் சரியாக வேலை செய்கிறது’ என்று எழுதி டிக் போட்டிருக்கிறேன். ‘எல்லாம்’ என்று எழுதியது தவறு. நான் திறந்து பார்த்தது மூன்றை: மெயில், கடிதம் எழுதுவது, படங்கள். அக்காவின் ஒலிப்பதிவு மென்பொருளைத் திறக்கவில்லை. நேற்று மாலை அக்காதான் திறந்தாள். அதிலிருந்து கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோகிறது. அந்த டிக்கைக் கோடு போட்டு நீக்கிவிட்டேன்.

எழுதியதை ஒருமுறை வாசித்துவிட்டு நோட்டை மூடினாள். எதையும் எழுதிவைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதனால் வீட்டில் அவளுக்குப் பேனா என்றே பெயர். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை, செவ்வாயும் வியாழனும் மாலையில் கணினிப் பழுதுநீக்கும் வகுப்பு. வகுப்பில் படித்ததை வீட்டுக் கணினியில் செய்துபார்த்ததில்தான் இந்த வினை.

வேறு யாருடைய கணினியாக இருந்தாலும் ஒரு வாரம் கிடக்கட்டும் என்று விடலாம். இது அக்காவின் கணினி. இந்த ஊர்ப் பேருந்துகளில் அடுத்த நிறுத்தம் எதுவென்று சொல்லும் குரல் அக்காவுடையது. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கவனமாக இறங்குங்கள் என்று நாள் முழுதும் ஊரையே பத்திரமாக இறக்கிவிடுகிறவள், அலுத்துப்போன முகத்துடன் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாள்.

புது வழித்தடத்துக்கு நாற்பத்தெட்டு நிறுத்தங்கள். முப்பத்தொன்று பதிவாகிவிட்டது, பதினேழு பாக்கி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நாற்பத்தெட்டும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வழித்தடத்துக்கு இயந்திரக் குரலைப் போட்டுக்கொள்வோம் என்று பேருந்து அலுவலக மேடம் நேற்று போனில் சொல்லிவிட்டாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். அதுதான் அக்காவை அதிகமாகப் பயமுறுத்தியது. ஒரு வழித்தடத்தில் காலை வைத்த இயந்திரம் அதோடு நிற்காது என்று இருவருக்கும் தெரியும்.

அம்மா சலவைக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில், “நல்லா இருந்ததை நோண்டாதேன்னு அன்னிக்கே சொன்னேன்” என்றாள்.

பேனா நோட்டோடு கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். நோட்டில் மூன்று பத்தி: நேரம், என்ன மாற்றினேன், என்ன ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வகுப்பில் இதை இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். அவள் நான்கு முறை எழுதிவைத்திருந்தாள்.

மென்பொருளைத் திறந்தாள். திரை முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. அடியில் சின்ன எழுத்தில் ஏதேதோ பெயர்கள் ஓடின. ‘வடிகட்டிகள் ஏற்றப்படுகின்றன’ என்ற வரி வந்ததும் ஓட்டம் நின்றது. மவுஸின் அம்பு வட்டமாகிச் சுழன்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மூச்சுப் பேச்சில்லை. மின்விசிறி மட்டும் உள்ளே கிடந்து இரைந்தது. கடைசியில் பவர் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்து, ஐந்து எண்ணி, அணைத்தாள்.

“கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்குடி, பார்க்கவே கஷ்டமா இருக்கு” என்றாள் அக்கா, வாசற்படியில் நின்றபடி.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் மைக் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்தாள். நின்றது. மைக் பெட்டிக்கான புது டிரைவரைப் போட்டுத் திறந்தாள். நின்றது. பிறகு, பதிவான ஒலியைச் சுத்தப்படுத்தும் வடிகட்டிகள் இருந்த கோப்புறையைப் பார்த்தாள். பன்னிரண்டு இருந்தன. ஆறை வெளியே எடுத்துவைத்துத் திறந்தாள். நின்றது. மிச்சமிருந்த ஆறில் மூன்றை எடுத்தாள். திறந்துகொண்டது.

கையைத் தட்டப்போனவள் நிறுத்திக்கொண்டாள். நடுவில், பழக்க தோஷத்தில், கழற்றியிருந்த மைக் பெட்டியையும் திரும்பச் செருகியிருந்தாள். இரண்டு மாற்றம் ஒன்றாக நடந்துவிட்டது. எது காரணமென்று எப்படிச் சொல்வது? நோட்டில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பின்னோக்கிப் போய் மறுபடி ஒவ்வொன்றாக வந்தாள். அதற்கே அரைமணி நேரம் போயிற்று. ஒன்பதரைக்குக் குற்றவாளி கையில் சிக்கியது: இரைச்சலை நீக்கும் வடிகட்டி.

அதை விலக்கிவைத்ததும் மென்பொருள் சமர்த்தாகத் திறந்தது. முப்பத்தொரு அறிவிப்புகளும் வரிசையாக இருந்தன. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ‘பழைய பாலம்’ என்பதைப் போட்டுக் கேட்டாள்.

அந்த வீட்டில் பதிவு நடக்கிறது என்றால் துணி அலமாரிக்குள் நான்கு கம்பளிகளைத் தொங்கவிட்டு, அதற்குள் அக்கா நின்றுகொள்வாள். மின்விசிறி ஓடாது. குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிடுவார்கள். அணைத்ததை மறக்காமலிருக்க, வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவாள் அம்மா. இத்தனைக்கும் பிறகு, கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டேயிருக்கும். அதைத் துடைத்துக்கொடுத்தது அந்த ஒரு வடிகட்டிதான்.

“தண்ணித் தொட்டிக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கு” என்றாள் அக்கா.

இலவசமாகக் கிடைக்கிற வேறொரு வடிகட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். மோட்டார் போயிற்று. கூடவே குரலின் சதையும் போயிற்று. அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இதற்கு அந்த இயந்திரமே பேசிவிட்டுப் போகலாம் என்றாள்.

அப்போதுதான் பேனாவுக்கு அந்த யோசனை வந்தது. வடிகட்டியைப் பெரிய மென்பொருளுக்குள் வைத்துத் திறந்தால்தானே திரை முழுதும் மறைகிறது? தனியாக, ஒரு சின்ன ஜன்னலில் திறந்தால்?

திறந்தாள். சின்ன ஜன்னல் வந்து அதே இடத்தில் நின்றது. அதைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் இருந்தது.

‘இந்த வடிகட்டி புதிய கணினியில் இருப்பதாகத் தெரிகிறது. தொடர உரிமையாளரின் அனுமதி தேவை. 47 என்று முடியும் தொலைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பப்பட்டுள்ளது. இரண்டு நிமிடங்களுக்குள் அதை இங்கே உள்ளிடவும்.’

பேனா அதை இரண்டு முறை படித்தாள். ஆக, கணினி உறையவே இல்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றிருக்கிறது. கேட்ட கேள்வி திரைக்குப் பின்னால் மறைந்துபோனதால், இவர்கள் கழுத்தை நெரித்துக்கொண்டேயிருந்திருக்கிறார்கள்.

47 யாருடைய எண் என்று இருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தான் அந்த வீட்டை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது. பதினேழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். அதற்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் செட் பார்த்தவர். அலமாரிக்குள் கம்பளி தொங்கவிட்டதும், இந்த வடிகட்டியை வாங்கிப்போட்டதும் அவர்தான். அக்காவும் அவரும் பிரிந்ததும் ஒரு டிக்கினால்தான். ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அலுவலகம் ஒரு படிவம் கொடுத்தது. ‘அறிவிப்புக் குரல் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கிறதா?’ என்று ஒரு கேள்வி. இருநூறு ஓட்டுநர்களில் மூன்று பேர் ‘ஆம்’ என்று டிக் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் அக்காவின் சொந்தப் புருஷன் என்பது மேடம் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. அன்று மாலை வீட்டில் நடந்த சண்டையைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் அத்தான் ஒரு பையோடு ஓட்டுநர் விடுதிக்குப் போனார்.

போனாலும் தினமும் ஒன்பது மணி நேரம் பெண்டாட்டியின் குரலைக் கேட்டபடிதான் அவர் வண்டி ஓட்டியாக வேண்டும். அம்மா இதை அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள்: “அவ சொல்ற இடத்துலயெல்லாம் கரெக்டா நிக்கிறாரு மாப்பிள்ளை. வீட்டுலதான் நிக்க மாட்டேங்கிறாரு.”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அவர்கிட்ட கேக்காத” என்றாள். “வேற வழி பாரு.”

வேறு வழி இல்லை என்பது நோட்டில் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தது. பேனா அதைக் காட்டவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்றாள். எங்கே என்று அக்கா கேட்கவில்லை. அப்படிக் கேட்காமலிருந்ததே ஒரு பதிலா, அல்லது தனக்குச் சாதகமாகத் தானே அர்த்தம் பண்ணிக்கொள்கிறோமா என்று படியிறங்கும்போது பேனாவுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இரண்டு இருபதுக்குப் பதினேழாம் எண் வந்தது. அத்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ‘வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்ற பலகைக்கு நேர் கீழே பேனா உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தம்வரை ஐம்பது நிமிடம். வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அக்காவின் குரல் தலைக்கு மேலே ஒலித்துக்கொண்டே வந்தது. தபால் நிலையம். மர ஆலை. நீதிமன்றம். வீட்டில் கேட்ட தண்ணீர்த் தொட்டிக் குரல் இல்லை இது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது. கிழவர் ஒருவர், தூக்கத்திலேயே அந்தக் குரலுக்குத் தலையாட்டிவிட்டுக் கண்விழித்து இறங்கினார். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு நொடி முன்னால் அத்தானின் இடது கை ஸ்டியரிங்கில் லேசாகத் தளர்வதைப் பேனா கவனித்தாள். பத்து நிறுத்தம் எண்ணினாள். பத்திலும் அப்படித்தான்.

பதினோராவது நிறுத்தம் புது மருத்துவமனை. “அடுத்த. நிறுத்தம். புது மருத்துவமனை” என்றது ஒரு குரல்.

அது அக்கா இல்லை. பெண் குரல்தான், தெளிவான குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனித் தட்டில் வைத்துக் கொடுத்தது. பயணிகள் யாரும் நிமிரக்கூட இல்லை. பேனா மட்டும் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கடுத்த நிறுத்தத்திலும் அதே குரல். மூன்றாவதில் அக்கா திரும்ப வந்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

கடைசி நிறுத்தத்தில் வண்டி எட்டு நிமிடம் நிற்கும். எல்லோரும் இறங்கினார்கள். அத்தான் இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்த பூட்டுப்போட்ட பெட்டியைத் திறந்து போனை எடுத்தார். பேனா விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போனை அவள் பக்கம் நீட்டினார். ஒரே மாதிரி செய்திகள், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஓர் ஆறு இலக்க எண்.

“நேத்து சாயங்காலத்துலேருந்து வந்துட்டிருக்கு” என்றார். “ஃபில்டர் நின்னுபோச்சுன்னு முதல் செய்தியிலயே புரிஞ்சுது. கேப்பாளான்னு பார்த்துட்டே இருந்தேன்.”

“நீங்களே போன் பண்ணியிருக்கலாமே, அத்தான்.”

“பண்ணியிருக்கலாம்.” போனைத் துணியால் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. “அவ கேக்காம நான் சொன்னா, பாரு, நான் இல்லாம நடக்கலயில்லன்னு காட்டுற மாதிரி ஆயிடும். அதான் சும்மா இருந்தேன்.”

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தானும் அந்தக் கணினியும் படும் பாட்டைப் பேனா நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை, பதினேழு பாக்கி, அலுவலகம் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். பிறகு அவள், எழுதிவைத்துக்கொண்டு வந்திராத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“அந்தப் படிவத்துல ஏன் ‘ஆமா’ன்னு போட்டீங்க?”

அவர் வெளியே பார்த்தார். எட்டு நிமிடத்தில் மூன்று போயிருந்தது.

“ஒரு நாள் காலைல சண்டை போட்டுட்டு வந்தேன். எதுக்குன்னு இப்ப ஞாபகம் இல்ல. அன்னிக்குப் பூரா தலைக்கு மேல அவ. கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க, பார்த்து இறங்குங்கன்னு அவ்வளவு அக்கறை. எனக்கில்ல, ஊருக்கு. அதையே கேட்டுட்டு இருந்ததுல நீதிமன்ற நிறுத்தத்தை விட்டுட்டேன். பதினாலு பேர் கத்தினாங்க. மறுநாள்தான் அந்தப் படிவம் வந்துது. கவனம் சிதறுதான்னு கேட்டிருந்தாங்க. சிதறினது நிஜம். அறுபது பேரை ஏத்திட்டுப் போறவன் அதுல பொய் எழுதக் கூடாது.”

“இதை அக்காகிட்ட சொன்னீங்களா?”

“அவ கேட்டது, எழுதினீங்களா இல்லையான்னு. எழுதினேன்னேன்.”

பேனாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நேரத்தைப் பார்த்துவிட்டு அத்தான் வேகமாகப் பேசினார். இரண்டு வழி இருக்கிறதாம். எண்ணைப் போனில் சொன்னாலே இப்போதைக்கு வடிகட்டி ஓடும். அடுத்த பெரிய அப்கிரேடு வந்தால் மறுபடி இதே மாதிரி வந்து அனுமதி கேட்கும். இல்லையென்றால் உரிமையையே அக்கா பெயருக்கு மாற்றிவிடலாம். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் இவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. நாளை இவருக்கு ஓய்வு நாள். எதுவானாலும் செய்துகொடுப்பார்.

“எது வேணும்னு அவகிட்டயே கேளு” என்றார். “நான் எதையும் சொன்னதா சொல்லாத. ரெண்டு வழி இருக்குன்னு மட்டும் சொல்லு.”

இன்ஜினைப் போட்டார். பேனா இறங்கப்போனவள் படியில் நின்று, அந்தப் புதுக் குரலைப் பற்றிக் கேட்டாள். நேற்றிலிருந்து அப்படி வருகிறது என்றார். இந்த ஒரு வண்டியில், இரண்டே நிறுத்தத்துக்கு. சோதனையாக இருக்கலாம். மேடத்துக்கே தெரியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினார்.

எதிர்த்திசையில் போகும் வேறு வண்டியில் ஏறித் திரும்பினாள். அதில் எல்லா நிறுத்தத்துக்கும் அக்காதான் பேசினாள். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட்டுக்கொள்வது முட்டாள்தனமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அலமாரிக்குள் நின்று, மைக் இல்லாமல், பாக்கிப் பதினேழையும் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். பேனா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பதினொரு செய்திகள், விட்டுப்போன நிறுத்தம், கத்திய பதினாலு பேர், படிவம், இரண்டு வழிகள். எதைச் சொன்னதாகச் சொல்லாதே என்று அத்தான் கேட்டுக்கொண்டாரோ அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். புதுக் குரலை மட்டும் சொல்லவில்லை. சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

அக்கா கம்பளிகளுக்கு நடுவிலேயே நின்றிருந்தாள். பாதி முகம்தான் தெரிந்தது.

“எந்த நிறுத்தத்தை விட்டாராம்?”

“நீதிமன்றம்.”

“அது பதிவு பண்ணின அன்னிக்கு எனக்குச் சளி” என்றாள் அக்கா. “வேற நாள் எடுத்துக்கலாம்னு அவர்தான் சொன்னார். நான்தான் கேக்கல.”

கட்டடத்தின் மோட்டார் ஓட ஆரம்பித்தது. சுவர் முழுதும் அதன் முனகல் பரவியது. அது நிற்கும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. பதிவு நடக்காதபோதும் அதற்கு வழிவிட்டுப் பேசுவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

“நாளைக்குப் பத்தரைக்கு வரச் சொல்லு.”

“போன்லயே எண்ணைச் சொல்லிடலாம்னார், அக்கா.”

“ரெண்டு நிமிஷத்துக்குள்ள அடிக்கணும்ல. போன்ல ஒண்ணு சொன்னா ஒண்ணு கேக்கும். வந்தே சொல்லட்டும்.”

“உன் பேருக்கு மாத்தறதுக்கா?”

“எதுக்கு மாத்தணும்? நம்பர் மட்டும் போதும்.”

பேனாவுக்குத் தான் சரியாக விளக்கவில்லையோ என்று தோன்றியது. முறைப்படி இன்னொரு தடவை சொன்னாள். நம்பர் மட்டும் போட்டால் இது நிரந்தரத் தீர்வு இல்லை. அடுத்த அப்கிரேடில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்கும், மறுபடி அத்தானைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

“நிக்கட்டும்” என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு அலமாரிக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள். பதினெட்டாவது முறையாகவோ பத்தொன்பதாவது முறையாகவோ, ‘அடுத்த நிறுத்தம், தீயணைப்பு நிலையம்’ என்று சொல்லத் தொடங்கினாள்.

பேனா அத்தானுக்கு ‘நாளை 10.30. எண் மட்டும். நேரில்’ என்று செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது, ‘சரி’ என்று. அந்த நேரத்தில் வண்டி எங்கேயோ நின்றிருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டு நோட்டைத் திறந்தாள். புது மருத்துவமனை நிறுத்தத்தில் கேட்டதை இன்று சொல்லாதது சரியா? சொன்னால் நாளை அக்காவின் குரல் நடுங்கலாம். சொல்லாவிட்டால், பேருந்தில் ஒலிக்குமா என்றே தெரியாத பதிவுக்காக அவளைப் பேசவைக்கிறோம். இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீளத்துக்கு வந்தன. பிறகு எழுதினாள்:

மார்ச் 15, ஞாயிறு. 9.00 — பேருந்தில் கேட்ட குரலைப் பற்றி அக்காவிடம் சொல்வது. அவள் என்ன முடிவு செய்தாலும் குறுக்கே பேசாமல் கேட்பது. 10.30 — அத்தான். எண்ணைப் போட்டு, முப்பத்தொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை திறந்து கேட்பது. அதன் பிறகு பதினேழு.